கட்டி வைத்த கம்பி

ரோலர் நல்ல நிலையில் இருந்தால் அடிக்கடி நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இது புரியாது. நின்றால் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள்.

எங்கள் லாண்டரியில் அதுதான் பெரிய மெஷின். ஒரு ஆள் கை கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை. உள்ளே நீராவி. ஈரப் படுக்கை விரிப்பை ஒருத்தி விரித்துப் பிடித்து ஊட்டுவாள். உருளை அதை இழுத்துக்கொண்டு போய், காயவைத்து, சுருக்கம் எடுத்து, அந்தப் பக்கம் அப்பளமாகத் தள்ளும். அந்தப் பக்கம் நின்று மடிக்கிறவள் நான். ஊட்டுகிற பக்கத்தில் உருளைக்கு முன்னால் குறுக்காக ஒரு கம்பி தொங்கும். கை தவறி உள்ளே போனால் அந்தக் கம்பியை இடிக்கும். இடித்தால் உருளை அங்கேயே நின்றுவிடும். விரிப்புக்குள் ஒரு தலையணை உறை சுருண்டு கிடந்தாலும் இடிக்கும், நிற்கும். உறையை எடுத்துப் போட்டுவிட்டுப் பச்சைப் பித்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். ஒரு ஷிப்டுக்கு இருபது தடவையாவது இப்படி நடக்கும். ஒவ்வொரு தடவைக்கும் அரை நிமிடம்.

அந்த அரை நிமிடங்கள் சூப்பர்வைசருக்கு ஆகாது. ஓட்டல்காரர்களின் வண்டி வந்து வாசலில் நிற்கிற நாட்களில் அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கண்ணைக் காட்டுவார். மெக்கானிக் பழைய விரிப்பில் ஒரு கிழிசலைக் கிழித்துக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவார். அதற்கப்புறம் சத்தம் மாறிவிடும். மூச்சு விடாமல் ஒரே சீரான முனகல். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், கம்பி கட்டியிருக்கிறதா இல்லையா என்று.

ஐந்து வருடமாக ரோலரில் ஊட்டியவள் மெக்கானிக்கின் மனைவி. எங்கள் எதிர்வீடு. வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் லாண்டரியில் எல்லோருக்கும் அவள் குருவி. பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. வருவதற்கு முன்னால் அவள் மூக்குக்கு மட்டும் துணி கருகுகிற வாசம் வருமாம்.

"இந்த இடத்துல அந்த வாசத்துக்குப் பஞ்சமா அக்கா? எனக்கு வருதா, ரோலருக்கு வருதான்னே தெரியாது" என்று சிரிப்பாள்.

ஐந்து வருடத்தில் இரண்டு தடவை ஊட்டிக்கொண்டிருக்கும்போதே வந்தது. இரண்டு தடவையும் அப்படியே கம்பிமேல் சாய்ந்தாள். உருளை நின்றது. அவள் சரிந்து தரையில் விழுந்து, ஐந்து நிமிடத்தில் கண் திறந்து, எழுந்து உட்கார்ந்து, "எத்தனை ஷீட் போச்சு?" என்று கேட்டாள். இரண்டாவது தடவை சூப்பர்வைசரே அட்டை எடுத்து விசிறினார். "சம்பளத்துல அஞ்சு நிமிஷம் கழிச்சுக்கறேன்" என்று தமாஷ் பண்ணினார். அந்த அட்டையையும் அந்தத் தமாஷையும் நான் மறக்கவில்லை. பிறகு அவருக்கு மட்டும் மறந்துபோனது.

அந்த வாரம் குருவிக்குக் காய்ச்சல். மூன்று நாள் வரவில்லை. முதல் நாளே ஓட்டல் சரக்கு மலைபோல வந்து இறங்கியது. சூப்பர்வைசர் கண்ணைக் காட்டினார். பெண்டாட்டி லீவில் இருக்கிற தைரியத்தில் மெக்கானிக் கட்டினார். சாயந்திரம் அவிழ்த்துவிடுகிறேன் என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானமே பாய்லரில் ஒழுக்கு கண்டது. இரண்டு நாள் அவர் பாய்லர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வெள்ளை மெஷினில் வெள்ளைக் கிழிசல். மறந்துவிட்டார்.

நான்காம் நாள் குருவி வந்தாள். பத்து மணி வாக்கில் உருளைக்கு மேலாக எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னாள்: "பாத்தீங்களா அக்கா, காலையிலேருந்து ஒரு தடவைகூட நிக்கல. அந்தக் கம்பியோட கீலைச் சரிபண்றேன் சரிபண்றேன்னு ரெண்டு வாரமா சொல்லிட்டிருந்தாரு. எங்க வீட்டுக்காரரு கை பட்டா சும்மாவா?"

எனக்குத் தெரியும். கிழிசலை நான் பார்த்திருந்தேன். சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். கையில் ஒரு விரிப்பு இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தால் அடுத்தது வந்துவிட்டது. அதற்கடுத்தது வந்தது. நான் சிரித்து வைத்தேன்.

பதினொன்றரை இருக்கும். ஒரு அலறல் கேட்டது. வலிப்பு வரும்போது நெஞ்சிலிருந்து கிளம்புகிற அலறல். ஓடினோம். எட்டுப் பேர் ஓடினோம். எல்லோரும் அவள் வாயைத்தான் பார்த்தோம். நாக்கைக் கடித்துக்கொள்வாள், நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று கத்தினோம். யாரோ டீ கலக்குகிற ஸ்பூனைக் கொடுத்தார்கள். நான்தான் அதைப் பல்லுக்கிடையில் திணித்தேன். முன்பல் ஒன்று உடைந்து என் உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவு நேரமும் அவள் வலது கை ரோலருக்குள் இருந்தது. எட்டுப் பேரில் ஒருத்தரும் கையைப் பார்க்கவில்லை. சிவப்புப் பித்தானை அழுத்தியது சத்தம் கேட்டுப் பாய்லர் அறையிலிருந்து வந்த மெக்கானிக்.

வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பின. மற்ற மூன்றும் வெந்து, நசுங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரு கட்டியாகிவிட்டன.

ஆபீசில் அறிக்கை எழுதினார்கள். 'தொழிலாளி தனக்கிருந்த வலிப்பு நோயை மறைத்து வேலைக்குச் சேர்ந்ததால் நேர்ந்த விபத்து.' ஒரே வரி. அதில் கம்பி இல்லை, கிழிசல் இல்லை.

ஆஸ்பத்திரியில் மெக்கானிக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னார். குருவி கடைசிவரை கேட்டாள். அப்புறம், "மறந்துட்டீங்க. மனுஷன்னா மறக்கத்தான் செய்வான். எந்திரிங்க, தரை ஈரமா இருக்கு" என்றாள். நான் வாசலில் நின்றிருந்தேன். ஒரு மனுஷி இவ்வளவுக்கு மன்னிக்க முடியுமா என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மன்னிப்பு இரண்டு மாதம்தான் தாங்கியது. அதை உடைத்தவள் நான்.

ரோலரில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். ஒல்லி. அதிர்ந்து பேசாதவள். அவள் வந்த இரண்டாவது வாரம் ஒரு காலையில் சத்தம் மாறிவிட்டது. மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றது. சுற்றி வந்து பார்த்தேன். புதுக் கிழிசல். பழைய முடிச்சு. அது யார் போடுகிற முடிச்சு என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை நான் விரிப்பை மடித்து முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குருவி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் இடது கையால் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். பிய்ப்பதை நிறுத்தவில்லை. முழு ரொட்டியையும் பிய்த்து முடித்தாள். ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

சாயந்திரம் மெக்கானிக் வந்து செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் நானும் அங்கே இருந்தேன்.

"நீ மறுபடியும் கட்டினியா?" என்றாள்.

கல்யாணமான ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் அவரை நீ என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகு மாற்றவே இல்லை.

"சூப்பர்வைசர் சொன்னாரு."

"அவரு சொன்னாரு. கை யாரோடது?"

"புதுசா வந்தவளுக்கு ஒண்ணும் இல்லையாம்மா. டாக்டர் சர்டிபிகேட் வாங்கி வெச்சிருக்காரு. வலிப்பு, மயக்கம் எதுவும் கிடையாது. வலிப்பு இல்லாதவளுக்குக் கம்பி எதுக்குன்னு கேக்குறாரு."

"அவளுக்குத் தூக்கம் வராதா? தும்மல் வராதா? கால் வழுக்காதா? வீட்டுல புள்ளைக்குக் காய்ச்சல்னு நினைச்சுக்கிட்டே ஒரு நிமிஷம் கண்ணு எங்கயாவது போகாதா?"

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"போனா உன் மாத்திரைக்கு எங்க போறது?"

"என் மாத்திரை பேரைச் சொல்லி இன்னொருத்தி கையைச் சுடாத." அவள் குரல் உயரவே இல்லை. "ரெண்டு தடவை எனக்கு அந்த மெஷின்லயே வந்துச்சு. ஒண்ணும் ஆகல. ஏன் ஆகல? கம்பி இருந்துச்சு. என் நோய் என் கையைச் சுடல. நீ கட்டின துணி சுட்டுச்சு. அறிக்கையில என் நோய்னு எழுதிட்டாங்க. அப்படி எழுதினதாலதான் இன்னைக்கு மறுபடியும் கட்ட முடிஞ்சுது. புரியுதா உனக்கு?"

அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனால் புரிவதற்கும் எழுந்து போய் அவிழ்ப்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களைப் பற்றி அந்த மாதங்களில் நான் நிறைய யோசித்தேன். என்னையும் சேர்த்து.

மறுநாள் விடியலில் அவர் ஓட ஆரம்பித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ரப்பர் செருப்பில் தொடங்கி, கேன்வாஸ் ஷூவுக்கு மாறி, தெருக்கோடிவரை, பாலம்வரை, பாலத்தைத் தாண்டி என்று தூரம் கூடிக்கொண்டே போனது. மழையிலும் ஓடினார். முழங்காலுக்குக் கீழே சேறு தெறிக்க அவர் திரும்பி வரும்போது குருவி வாசலில் நிற்பாள்.

"இன்னைக்கு எங்கிட்டேருந்து எவ்வளவு தூரம் போன?"

"பன்னெண்டு கிலோமீட்டர்."

"நல்லது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் போயிட்டு வா."

வலிப்பு நோயாளிகளுக்காக ஒரு சங்கம் இருக்கிறது. விழிப்புணர்வுக்கும் பாதுகாப்புக்கும் பணம் திரட்ட மாரத்தான் நடத்துகிறார்கள் என்று லாண்டரிக்குக் கடிதம் வந்தது. முதலாளி துள்ளிக் குதித்தார். எங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் ஓடுவார், அவர் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கம்பெனி பணம் கொடுக்கும், எங்கள் கேட்டிலேயே தண்ணீர்ப் பந்தல் வைப்போம் என்று பதில் போனது. ஓடுகிறவர் யார் என்பதை யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

ஓடுகிறவர்களுக்குச் சங்கம் கொடுத்த பனியனை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவருடைய அம்மாவும் இருந்தாள்.

"நெஞ்சுல என்னடா எழுதியிருக்கு?"

"வலிப்பு: பயம் வேண்டாம், பாதுகாப்பு வேண்டும்."

"அடப்பாவி! ஒம்பது வருஷமா எதிர்வீட்டுக்குக்கூடத் தெரியாம மூடி வெச்சிருந்தேனே! நீ ஊர் பூரா ஓடி ஓடிச் சொல்லப்போறியா?"

எதிர்வீடு நான்தான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை, இவங்கதான் என் பல்லை உடைச்சவங்க. இவங்களுக்குத் தெரியாதா?" என்று குருவி சிரித்தாள். உடைந்த பல் தெரிந்தது. பனியனை வாங்கி மடியில் விரித்துப் படித்தாள். "பாதுகாப்பு வேண்டும். நல்லா எழுதியிருக்காங்க. சங்கத்து மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவங்க சொல்றது எல்லாம் சரி. நீ எதுக்கு ஓடுற?"

"உனக்காகத்தான்."

"எவ்வளவு தூரம்?"

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர்."

"அவ்வளவு தூரம் எனக்காக ஓட வேணாம். கேட்டுலேருந்து ரோலருக்கு இருபது அடி. எனக்காக அந்த இருபது அடி நட. கத்திரி நான் தர்றேன்."

அவர் பனியனை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

போட்டிக்கு முந்திய வாரம் சங்கத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்து எங்கள் கேன்டீனில் வகுப்பு எடுத்தார். வலிப்பு வந்தால் வாயில் எதையும் வைக்கக்கூடாது. அழுத்திப் பிடிக்கக்கூடாது. ஒருபக்கமாகப் படுக்க வைக்கணும். எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்க்கணும். பக்கத்தில் இருக்கும் ஆபத்தான பொருளை விலக்கணும். நான் தலையைத் தூக்கவே இல்லை. உள்ளங்கையில் அந்தப் பல் இன்னும் இருப்பதுபோல இருந்தது.

குருவியையும் அழைத்திருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "சிஸ்டர், ஆபத்தான பொருளை விலக்கணும்னு சொன்னீங்க. நகராத பொருளா இருந்தா?"

நர்ஸ் யோசித்தார். "அப்ப அதை நிறுத்த ஏற்பாடு இருக்கணும்மா. எங்க..."

"டீ வந்தாச்சு, டீ!" என்றார் சூப்பர்வைசர். "எல்லாரும் வாங்க, ஆறிடும்."

வெள்ளிக்கிழமை, தண்ணீர்ப் பந்தல்களுக்கான மேசை விரிப்புகள் தேய்க்க வந்தன. ஊதா நிறம். ஓரம் முழுக்க வெள்ளை எழுத்து. அறுபது விரிப்பு. புதியவள் ஊட்டினாள், நான் மடித்தேன். பாதுகாப்பு வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்று சூடாக ஒவ்வொன்றாக உருளையிலிருந்து என் கைக்கு வந்துகொண்டே இருந்தது. அறுபதுக்கும் ரோலர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசி விரிப்பையும் மடித்து அடுக்கின்மேல் வைத்தேன். நானும் போய் அவிழ்க்கவில்லை. எனக்கும் அந்த இருபது அடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. போட்டி விடியலில் தொடங்கியது. எங்கள் கேட்டுக்கு முன்னால் முப்பத்தோராவது கிலோமீட்டர். ஒன்பது மணிக்கே தார் ரோடு காந்தியது. ஊதா விரிப்புப் போட்ட மேசையில் தண்ணீர்க் கோப்பைகள், வெட்டிய ஆரஞ்சு, வாழைப்பழம். மேசைக்குப் பக்கத்தில் முதலுதவிப் பெட்டியோடு அதே நர்ஸ். ஒலிபெருக்கியோடு சூப்பர்வைசர். நடுவில் நாற்காலி போட்டுக் குருவியை உட்காரவைத்திருந்தார்கள். தோளில் ஊதாப் பட்டை. கூப்பிட்டவுடன் வருகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஓட்டல் சரக்குக்கு ஞாயிறு கிடையாது. உள்ளே ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. கேட் திறந்திருந்ததால் ரோடுவரை கேட்டது.

சூப்பர்வைசர் ஒரு துண்டைக் கொண்டுவந்தார். "கையை மட்டும் கொஞ்சம் மூடிக்கம்மா. ஓடி வர்றவங்க பயந்துடப்போறாங்க."

"பயம் வேண்டாம்னு பெரிசா எழுதி வெச்சிருக்கீங்களே சார்" என்றாள் குருவி. துண்டை வாங்கி மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள்.

பத்து மணியைத் தாண்டி மெக்கானிக் வந்தார். தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார். முகத்தில் உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. "இதோ வந்துவிட்டார் நம்ம வீரர்! மனைவிக்காக ஓடும் கணவர்!" என்று ஒலிபெருக்கி அலறியது. கைதட்டினார்கள்.

குருவி எழுந்தாள். ஒரு கோப்பையை வலது கையின் இரண்டு விரலால் பிடித்துக் கட்டியின்மேல் தாங்கி நீட்டினாள். கொஞ்சம் சிந்தியது. அவர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு அந்தக் கையையே பார்த்தார்.

"உள்ள சத்தம் கேக்குதா?" என்றாள்.

அவர் மூச்சை அடக்கிக் கேட்டார். எனக்கும் கேட்டது. ஒரே சீரான முனகல்.

"காலையிலேருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். ஒரு தடவைகூட நிக்கல. எங்க வீட்டுக்காரரு கை பட்டா சும்மாவா?"

இதை அவள் முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. ஆனால் அவர் முகம், யாரோ உள்ளிருந்து எதையோ உருவி எடுத்ததுபோல ஆகிவிட்டது.

"நிக்காதய்யா, நின்னா கால் பிடிச்சுக்கும்! ஓடு, ஓடு!" என்று சூப்பர்வைசர் ஒலிபெருக்கியைத் தாழ்த்திக்கொண்டு கத்தினார்.

மெக்கானிக் ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. கேட்டுக்குள் திரும்பினார்.

இருபது அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு போனார். கால் பிடித்துக்கொண்டதாக நினைத்து நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். குருவி போனாள். நான் போனேன். மெக்கானிக் சிவப்புப் பித்தானை அழுத்தினார். முனகல் நின்றது. புதியவள் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

முடிச்சு சூட்டில் இறுகிப்போயிருந்தது. நகத்தால் நோண்டினார், வரவில்லை. குருவி ஊதாப் பட்டைக்கு உள்ளேயிருந்து கத்திரியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நான் தர்றேன்னு சொன்னேன்ல."

அவர் வெட்டினார். கம்பி கீழே விழுந்து தன் இடத்தில் ஆடி நின்றது.

"உனக்குப் பைத்தியமா?" சூப்பர்வைசர் வந்துவிட்டார். "இன்னும் பதினோரு கிலோமீட்டர் பாக்கி! முதலாளி ஓட்டம் முடியுற கோட்டுகிட்ட மாலையோட நிக்கிறாரு!"

மெக்கானிக் கிழிசலைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸைப் பார்த்துப் பேசினார். "நான்தான் கட்டினேன். ரெண்டு தடவை. முதல் தடவை இவரு சொல்லிக் கட்டினேன், அவுக்க மறந்துட்டேன். இவ கை போச்சு. ரெண்டாவது தடவையும் இவரு சொல்லித்தான் கட்டினேன். மறக்கல. தெரிஞ்சே விட்டுட்டேன்."

"சிஸ்டர், அன்னைக்குக் கேட்டேனே, நகராத பொருள்" என்றாள் குருவி. "இதுதான்."

"இவ நோயை மறைச்சு..." என்று சூப்பர்வைசர் தொடங்கினார்.

"நீங்கதான் சார் அட்டையால விசிறினீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அஞ்சு நிமிஷம் கழிச்சுக்கறேன்னு சொன்னீங்க. நான் இருந்தேன். கட்டியிருந்ததும் எனக்குத் தெரியும். இதை எங்க எழுதணுமோ அங்க எழுதித் தர்றேன்."

நர்ஸ் பெட்டியைக் கீழே வைத்தார். கம்பியைப் பார்த்தார். பிறகு குருவியின் கையைத் தன் கையில் வாங்கி, புண் ஆறிய இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நானும் எழுதுறேன்" என்றார்.

மெக்கானிக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மார்பில் எண் அட்டை. கையில் கிழிசல். நிமிர்ந்து குருவியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கேட்ட அதே மன்னிப்பை மறுபடியும் கேட்கிற பார்வை.

"இருபது அடி நடக்க உனக்கு முப்பத்தோரு கிலோமீட்டர் ஆச்சு" என்றாள் அவள். எந்திரிங்க, தரை ஈரமா இருக்கு என்று சொல்லவில்லை. ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

புதியவளிடம் போனாள். "இங்க வா. பச்சையை அழுத்து." உருளை ஓடியது. "இப்ப இந்தக் கம்பியை இடி."

அவள் பயந்து பயந்து புறங்கையால் தொட்டாள்.

"தொடாத. இடி. விழுந்தா எப்படி இடிப்பியோ அப்படி இடி."

இடித்தாள். உருளை நின்றது. அந்த அமைதியில், வெளியே யாரோ ஓடிப்போகிற ஷூ சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை" என்றாள் குருவி.

சூப்பர்வைசர் ஆபீசுக்குப் போன் பண்ணப் போனார். அதற்கப்புறம் அவர் ரோலர் பக்கம் வரவில்லை. குருவி மடிப்பு மேசைக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து ரோலருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். பட்டையைக் கழற்றவில்லை. கத்திரி மடியில் இருந்தது. ஷிப்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு ரோலர் இருபத்துமூன்று தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் நானும் மடிப்பதை நிறுத்தினேன். அரை நிமிடம் கழித்துப் புதியவள் பச்சையை அழுத்துவாள்.